கூடு கட்டாத பறவைக்கு ஒரு கண்காட்சி

ஹொனலுலு நகரின் சைனாடவுனில் மௌனாகேயா தெரு நெடுகப் பூக்கடைகள். குளிர்பெட்டிகளில் மல்லிகைச் சரமும் ஆர்க்கிட் மாலையும் தொங்குகின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கட்டிடம். அதன் மாடிப்படிச் சுவரில், அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பறவைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. நானும் என் தங்கை மகளும் அவற்றின் பின்னாலேயே ஏறினோம்.

மேலே நீளமான ஒரு கூடம். டிக்கெட் கிடையாது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மூதாட்டியை வருகிறவர்கள் எல்லாரும் "ஆன்ட்டி" என்றே கூப்பிட்டார்கள். ஹவாயில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. உறவுமுறை ஒன்று வைத்துவிடுகிறார்கள். நானும் ஆன்ட்டி என்றே ஆரம்பித்தேன்.

கண்காட்சி முழுக்க ஒரே ஒரு பறவைதான். மனு-ஓ-கூ என்பது அதன் ஹவாய்ப் பெயர். கூ என்ற தெய்வத்தின் பறவை. நம் கடற்கரைகளில் பார்க்கும் ஆலாக்களின் இனமான வெள்ளை ஆலா. உடம்பில் ஓரிடத்திலும் மாசில்லாத வெள்ளை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருப்பதால் கண் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அலகு கறுப்பு, அதன் அடியில் நீலம். ஹவாயின் முதன்மையான எட்டுத் தீவுகளில் ஓவாஹு ஒன்றில்தான் இது குஞ்சு பொரிக்கிறது. அதிலும் மனிதர் போகாத பாறைத் தீவிலோ காட்டிலோ அல்ல. தென்கரையில் நீளும் ஹொனலுலு நகரத்துக்குள்ளே, கார் நிறுத்துமிடங்களிலும் பள்ளி மைதானங்களிலும் வங்கிகளின் வாசலிலும் நிற்கிற மரங்களில். 2007இல் இதையே தன் அதிகாரபூர்வப் பறவையாக நகரம் அறிவித்தது.

முதல் சுவர் பள்ளிப் பிள்ளைகளுடையது. பாலர் வகுப்பில் தொடங்கி வகுப்பு வாரியாக இடமிருந்து வலம் மாட்டியிருந்தார்கள். இடது ஓரத்தில் கிரேயான் பறவைகள், ஒவ்வொன்றுக்கும் கண் இமை வரைந்திருந்தது. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் பழுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு கூடு, அதில் மூன்று நான்கு முட்டைகள். வலப்பக்கம் போகப்போகக் கூடு சிறுத்துக்கொண்டே வந்தது. மூன்றாம் வகுப்பில் முட்டை ஒன்றாகிவிட்டது. ஆறாம் வகுப்புப் படங்களில் கூடே இல்லை. வெறும் கிளை, அதில் ஒரு முட்டை, பக்கத்தில் ஒரு பறவை.

"சின்னப் பிள்ளைகளின் படத்தைத் திருத்தித் தரச் சொல்லலாமா என்று யோசித்தோம். பிறகு அப்படியே மாட்டிவிட்டோம். பறவை என்றால் கூடு இருக்கும் என்றுதான் பெரியவர்களும் நினைக்கிறார்கள். இந்தச் சுவரைக் கடந்து வருவதற்குள் அவர்களுக்கும் விளங்கிவிடும்" என்றார் ஆன்ட்டி.

அதுதான் இந்தப் பறவையின் விசேஷம். சுள்ளி பொறுக்குவதில்லை, புல் பின்னுவதில்லை. கிளையில் இயல்பாக விழுந்த சிறு பள்ளம், பழைய வெட்டுக்காயம் ஆறிய குழி, இரண்டு கவைகள் சேரும் இடம்: இதில் ஏதாவது ஒன்றில் ஒரே ஒரு புள்ளி முட்டையை இடுகிறது. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கின்றன. ஏறக்குறைய 36 நாளில் குஞ்சு வெளியே வருகிறது. அது பறக்க மேலும் ஏழு வாரம் ஆகும். அதுவரை அந்தக் கிளைதான் தொட்டில், வீடு எல்லாம். காற்று பலமாக அடித்தால் முட்டை உருண்டு போய்விடும். போனால் பெற்றோர் அதே கிளைக்குத் திரும்பி வந்து இன்னொன்று இடும்.

முட்டையை வைத்துப் பாருங்கள்

கூடத்தின் நடுவில் அதிகக் கூட்டம் நின்றது ஒரு மரக்கிளையைச் சுற்றி. தச்சு வேலை தெரிந்த ஒருவர், தெருவோர மரத்திலிருந்து வெட்டிப்போட்ட கிளை ஒன்றைப் பட்டையோடு இரண்டு முட்டுக்கால்களில் பொருத்தியிருந்தார். பக்கத்துக் கூடையில் மரத்தில் கடைந்த முட்டைகள். "வைத்துப் பாருங்கள்" என்று மட்டும் ஓர் அட்டை. கீழே மெத்தை விரித்திருந்தது.

ஒரு சிறுவன் வைத்தான், உருண்டது. அவன் அக்கா வைத்தாள், அதுவும் உருண்டது. மூன்றாவதாக ஒரு தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கிளையை விரலால் தடவித் தடவிப் பள்ளம் தேடினார். ஓரிடத்தில் முட்டை நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். உடனே அந்தச் சிறுவன் கன்னத்தை உப்பி ஊதிவிட்டான். முட்டை மெத்தையில் விழுந்தது.

"காற்று வரும் இல்லையா?" என்றான் தாத்தாவைப் பார்த்து, நியாயம் கேட்பவனைப் போல.

கிளையின் மறுமுனையில் களிமண்ணில் செய்த ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. செய்தவர் பாதங்களைப் பெரிதாகச் செய்திருந்தார். நான் அதைக் கலைஞரின் கற்பனை என்று விட்டுவிடாதபடி பக்கத்திலேயே ஒரு புகைப்படம். உண்மையிலேயே குஞ்சின் பாதங்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியவை, நகங்கள் கூர்மையானவை. பொரித்த சில நாட்களிலேயே பெற்றோர் இரை தேடப் போய்விடும். குஞ்சு தனியாக நகத்தால் பட்டையைப் பற்றிக்கொண்டு மழையிலும் காற்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கரை தேடியவர்களின் வழிகாட்டி

கூடத்தின் கடல் பக்கச் சுவரில், காகித மல்பெரி மரத்தின் பட்டையை ஊறவைத்து, தட்டித் தட்டித் துணியாக்கிய கப்பா விரிப்பு ஒன்று தொங்கியது. அதில் அச்சுக் கட்டைகளால் பதித்த இரட்டைப் படகு. படகுக்கு மேலே ஒரு மூலையில் சிறு முக்கோணமாக ஒரு பறவை. அது பறக்கும் திசைக்கு நேராகப் படகின் மூக்கு திரும்பியிருந்தது.

பசிபிக்கின் பழைய மாலுமிகளுக்குக் கருவிகள் கிடையாது. நட்சத்திரம், அலை, மேகம், பறவை இவற்றை வைத்துத்தான் தீவு தேடினார்கள். எல்லாக் கடற்பறவையும் இதற்குப் பயன்படாது. பல மாதம் கடலிலேயே திரிகிற பறவையைப் பின்தொடர்ந்தால் எங்கும் போய்ச் சேர முடியாது. வெள்ளை ஆலா அப்படியல்ல. காலையில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகும், பொழுது சாயும்போது நிலத்துக்குத் திரும்பும். கரையிலிருந்து சுமார் 120 மைல் வரை போகும் என்று வழிகாணும் மாலுமிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அலகில் மீனோடு பறந்தால் இன்னும் நல்லது: எங்கோ ஒரு குஞ்சு காத்திருக்கிறது, பறவை நேராக அங்கேதான் போகிறது. ஒரே சமயத்தில் பல சிறு மீன்களை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு வரக்கூடிய பறவை இது. ஏற்கெனவே பிடித்ததை நழுவவிடாமல் அடுத்த மீனை எப்படிக் கவ்வுகிறது என்பது பார்க்கிறவர்களுக்கு இன்னும் வியப்புதான்.

இந்த அறிவு ஏட்டில் தங்கிப்போகாமல் மீண்டும் கடலேறியது 1976இல். முந்தைய ஆண்டு கடலில் இறக்கிய ஹோகூலேயா என்ற இரட்டைப் படகு, மைக்ரோனேசியாவின் சதாவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக் வழிகாட்ட, கருவி ஏதும் இல்லாமல் ஹவாயிலிருந்து தஹீத்தி போய்ச் சேர்ந்தது. தங்கள் முன்னோர் தற்செயலாக அலைக்கழிந்து வந்தவர்கள் என்ற பேச்சுக்கு ஹவாய் மக்கள் கொடுத்த பதில் அது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த முக்கோணப் பறவை அலங்காரமாகத் தெரியாது.

நம் ஊர் மரங்கள், நம் ஊர் மைனா

அடுத்த மேசையில் மரக் கிண்ணங்கள், தட்டுகள், சிற்பங்கள். வெளிர் மஞ்சளும் ஆழ்ந்த பழுப்பும் கலந்த அந்த மரத்தை இங்கே மங்கிபாட் என்கிறார்கள். பக்கத்தில் வைத்திருந்த இலைக்கொத்தைப் பார்த்ததும் தங்கை மகள் சிரித்துவிட்டாள்.

"மாமா, இது நம்ம தூங்குமூஞ்சி மரம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிக்குமே, அதே."

அதேதான். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து நமக்கு வந்ததைப் போலவே 19ஆம் நூற்றாண்டில் இங்கேயும் வந்து வேர்விட்ட மரம். வெள்ளை ஆலா முட்டையிடும் மரங்களின் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். தூங்குமூஞ்சி, மகாகனி, ஆலமரம், நம் சரக்கொன்றையும் இன்னொரு கொன்றையும் கலந்து பிறந்த பலநிறக் கொன்றை. ஆலமரமும் சரக்கொன்றையும் நம் மண்ணிலிருந்து போனவை. பழைய ஹவாய் மக்கள் படகில் கொண்டுவந்த குக்குய் மரம் ஒன்றுதான் அந்த வரிசையில் கொஞ்சம் உள்ளூர் உரிமை கொண்டாடலாம்.

நகரத்தில் மற்ற எதைப் பார்த்தாலும் இதே கதை. நடைபாதையில் துள்ளும் மைனா, 1865இல் பயிர்ப் புழுவை ஒழிக்க வில்லியம் ஹில்லிபிராண்ட் என்ற மருத்துவர் இந்தியாவிலிருந்து வரவழைத்தது. இன்று ஃபாஸ்டர் தாவரவியல் பூங்காவாக இருக்கும் இடத்தில் முதல் மரங்களை நட்டவரும் அவர்தான். அந்தப் பூங்காவில் நிற்கும் அரசமரம், அநுராதபுரத்துப் போதியின் வழித்தோன்றல். அநகாரிக தர்மபாலா தமக்குப் பொருளுதவி செய்த மேரி ஃபாஸ்டர் அம்மையாருக்குக் கொடுத்தது. புதரில் ஓடும் கீரி, கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 1883இல் இறக்கியது. மின்கம்பியில் உட்கார்ந்து கூப்பிடும் கொண்டைக்குருவியும் நம் ஊர்க்காரர். சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்தவனுக்கு ஒரு பூங்காவில் அரைமணி உட்கார்ந்தால் ஊர் நினைவு வந்துவிடுகிறது.

ஹவாய்க்காரர்களுக்கு இது இனிமையான செய்தி அல்ல. வெளியிலிருந்து வந்த எலி, பூனை, கீரி, கொசு, கொசு பரப்பிய பறவை மலேரியா எல்லாமாகச் சேர்ந்து உள்ளூர்ப் பறவைகளைத் தாழ்நிலத்திலிருந்து துடைத்துவிட்டன. மிச்சமிருப்பவை கொசு ஏறாத உயர்ந்த மலைக்காடுகளில் ஒண்டியிருக்கின்றன. 2023இல் அமெரிக்க அரசு அழிந்துவிட்டதாக அறிவித்த 21 உயிரினங்களில் 8 ஹவாய்ப் பறவைகள்.

அந்த வீழ்ச்சிக்கு நடுவில்தான் வெள்ளை ஆலா எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. வடமேற்கே தொலைவில் மிட்வே போன்ற சிறு தீவுகளில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பறவை, 1961இல் முதல் முறையாக ஓவாஹுவின் தென்கிழக்கு முனையில், கோகோ ஹெட் பகுதியில், ஒரே ஒரு ஜோடியாகக் குஞ்சு பொரித்ததைக் கண்டார்கள். 2002இல் எண்ணியபோது சுமார் 250 ஜோடிகள். 2016இல் ஏறக்குறைய 700. காட்டைத் தேடிப் போகாமல் நகரத்தை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதற்கு ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். தண்ணீர் விட்டு, கிளை கழித்துப் பராமரிக்கும் பெரிய மரங்கள் நகரத்தில் இருக்கின்றன. வீடும் கடையும் நெருங்கிய இடத்தில் எலிக்குப் பொறியும் மருந்தும் வைத்துக்கொண்டே இருப்பதால் முட்டை திருடுபவை குறைவு. வந்தேறி மரத்தில் மண்ணின் பறவை குடியேறியது இப்படித்தான்.

அழகுக்குள் ஒரு ரம்பம்

மீதிச் சுவர்களில் நீர்வண்ணம், புகைப்படம், கண்ணாடித் துண்டுகள் பதித்த வேலை. உள்ளூர்ப் பெண்கள் குழுவாகத் தைத்த ஹவாய்ப் போர்வை ஒன்று அவற்றில் என்னை நிறுத்தியது. துணியை எட்டாக மடித்து ஒரே வெட்டில் உருவம் எடுத்து, விரித்து, இன்னொரு நிறத் துணியின் மேல் வைத்துத் தைப்பது இங்கத்துப் பாணி. நீலத்தின் மேல் வெள்ளையாக எட்டு ஆலாக்கள், நடுவில் தூங்குமூஞ்சி இலைகள். உருவத்தின் விளிம்பை ஒட்டியே வரிவரியாகத் தையல் ஓடி, கரையிலிருந்து அலை விலகுவதுபோல் ஓரம் வரை பரவியிருந்தது.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஓவியங்கள் இந்தப் பறவையைத் தேவதையாக்கிவிட்டன. நிலவுக்கு முன்னால், வானவில்லுக்குக் கீழே, பூவுக்குப் பக்கத்தில். கார் கண்ணாடியில் எச்சம் போடுகிற பறவை, பூனை வாயில் போகிற பறவை, சிமெண்டுத் தரையில் விழுந்து கிடக்கிற குஞ்சு, இவை கண்ணிலேயே படவில்லை. வெள்ளை நிறத்துக்கு மயங்குவது சுலபம். இதே பறவை சாம்பல் நிறமாக இருந்திருந்தால் இத்தனை பேர் தூரிகை எடுத்திருப்பார்களா என்றும் தோன்றியது.

அந்த எண்ணத்துக்குப் பதில் சொல்வதுபோல் கடைசி மூலையில் ஒரு கருப்பு வெள்ளைப் படம். மரம் கழிக்கும் தொழிலாளி ஒருவர் உயரத் தூக்கியின் கூடைக்குள் நிற்கிறார். தலைக்கவசம், கையில் சங்கிலி ரம்பம், அது ஓடவில்லை. அவர் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் கிளைமேல் ஒரு குஞ்சு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் இளநீல பிளாஸ்டிக் ரிப்பன் சுருள் ஒன்று மாட்டியிருந்தது. அதற்குத் தலைப்பு இல்லை, விலை இல்லை.

அந்த ரிப்பன்தான் இந்தக் கண்காட்சியின் நடுப்புள்ளி என்று எனக்குப் பட்டது. கூடு கட்டும் பறவைக்குக் கூடே எச்சரிக்கைப் பலகை. ரம்பக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். கூடில்லாத பறவைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கீழேயிருந்து பார்த்தால் வெறும் கிளை. பெரிய மரங்களை அவ்வப்போது கழிக்காமல் நகரத்தால் இருக்க முடியாது; புயலில் கிளை முறிந்து விழுந்தால் கேள்வி வரும். இந்தப் பறவை வருடத்தின் எல்லா மாதத்திலும் முட்டையிடுவதால் "இந்தப் பருவத்தில் வெட்டாதே" என்று ஒரு விதி போட்டும் தப்ப முடியாது. ஓவாஹுவில் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக மாநில அரசு பட்டியலிட்டிருக்கிறது, சட்டம் காக்கிறது. ஆனால் சட்டத்தை மதிக்கிறவருக்கும் கண்ணுக்குத் தெரிந்தால்தானே?

ஆகவே ஹூயி மனு-ஓ-கூ என்ற தன்னார்வக் குழுவினர் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்து நடக்கிறார்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் மரத்தின் அடியில் நீல ரிப்பனைக் கட்டுகிறார்கள். இடத்தை வரைபடத்தில் குறிக்கிறார்கள். குஞ்சு பறந்ததும் அவிழ்க்கிறார்கள். ரிப்பனைப் பார்த்த மரக் கழிப்பாளர் வேலையைத் தள்ளிப்போடுகிறார், அல்லது அந்தக் கிளையை விட்டு மற்றதைக் கழிக்கிறார். முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய 12 வாரம். நகரத்திடம் இந்தப் பறவை கேட்பது அவ்வளவுதான்: ஒரு கிளை, மூன்று மாதம். சரணாலயமோ வேலியோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். ஆனால் அந்தக் கிளை எது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நகரத்தை அண்ணாந்து பார்க்கப் பழக்குவதற்கு ஓவியத்தைவிடத் தோதான வழி எனக்குத் தோன்றவில்லை. நிலவும் வானவில்லும் கொஞ்சம் மிகையாகிப் போனதைக்கூட இந்தக் காரணத்துக்காக மன்னிக்கலாம்.

அரண்மனைத் தோட்டத்தில்

மாலையில் ஆன்ட்டியே ஒரு சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நடந்தே இயோலானி அரண்மனைக்குப் போனோம். 1882இல் கட்டி முடித்தது. ஹவாய் அரச வம்சத்தின் கடைசி ஆட்சியாளர் லிலியுவோகலானி, ஆட்சி பறிபோன பிறகு 1895இல் இங்கேயே மாடி அறையில் சிறை வைக்கப்பட்டார். அந்த மாதங்களில் அவர் தைத்த போர்வை உள்ளே காட்சிக்கு இருக்கிறது. ஆன்ட்டி அந்த ஜன்னலைக் கையால் காட்டினார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

தோட்டத்து மரமொன்றின் அடியில் நீல ரிப்பன். எல்லாரும் சுற்றி நின்று அண்ணாந்தோம். எனக்குக் கிளைகள் மட்டுமே தெரிந்தன. கூட வந்த ஒரு பள்ளிச் சிறுமி, "அங்கிள், கிளையைத் தேடாதீங்க. கீழே தரையில் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்குன்னு பாருங்க, அதுக்கு நேர் மேலே" என்றாள். ஓவியர்கள் விட்டுவிட்ட எச்சம் இங்கே வழிகாட்டியது. நேர் மேலே, கிளை வளைந்த இடத்தில், சாம்பலும் பழுப்புமாக ஒரு பஞ்சு உருண்டை. சிறிது நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து இரண்டு பறவைகள் உயரமான கட்டிடங்களுக்கு நடுவே வந்தன. வெயில் சிறகின் ஊடாகத் தெரிந்தது. ஒன்றின் அலகில் வெள்ளிக் கோடுகள். பறவை கிளையில் இறங்கி நின்றதும் குஞ்சு கழுத்தை நீட்டியது, ஒவ்வொரு மீனாகக் கைமாறியது. கீழே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துப் போனது. குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குடையை மறந்து வைத்துவிட்டதால் மறுபடி கூடத்துக்கு ஏறினோம். அப்போதுதான் வாசல் மேசையில் திறந்து கிடந்த வருகையாளர் நோட்டைப் புரட்டினேன். இப்படிப்பட்ட நோட்டுகளில் இருக்கும் பாராட்டு இதில் மிகக் குறைவு. பக்கம் பக்கமாக இடங்கள். எங்கள் அடுக்குமாடியின் பின்பக்கக் கார் நிறுத்துமிடம், சுவரோர மரம். பள்ளிக் கூடைப்பந்து மைதானம், கம்பத்துக்கு இடப்பக்கம், இரண்டாவது கவை. அலுவலக வாசலில் இருக்கும் ஆலமரம், போன வாரம்தான் பார்த்தேன், ரிப்பன் இல்லை. குழந்தைக் கையெழுத்தில் சில, கூடவே மரத்தின் படம். படத்தில் கூடு இல்லை.

ஒருவர் மட்டும் "மிக மிக அழகு!" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் பக்கத்தில் ஆன்ட்டி பென்சிலால் குறித்திருந்தார்: "எந்த மரம்?"